நடத்தைவாதத்தில் 'நடத்தை' என்பது எது?

கொழும்பில் ஆசிரியர்களுக்குத் தமிழ்மொழி மூலம் உளவியல் கற்பிக்கிறேன். 'நடத்தைவாதம்' (behaviourism) என்று பலகையில் எழுதியதும் பலருக்கு நினைவில் வருவது பிள்ளைகளின் ஒழுக்கம்தான். அது அவர்களின் பிழையன்று. தமிழில் அந்தச் சொல்லோடு நல்லது கெட்டது ஒட்டிக்கொண்டே வருகிறது. 'அவன்ர நடத்தை சரியில்லை' என்கிறோம். சிறுவர் பராமரிப்பைப் பார்க்கும் அரச திணைக்களத்தின் பெயரே 'நன்னடத்தை' என்றுதான் தொடங்குகிறது.

'நட' என்ற வினையிலிருந்து நடத்தை வந்தது, 'ஒழுகு' என்பதிலிருந்து ஒழுக்கம் வந்ததுபோல. உளவியலுக்குள் வரும்போது அந்த மதிப்பீட்டை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். கண் இமைப்பதும் நடத்தை, வாயூறுவதும் நடத்தை. வெளியிலிருந்து கண்டு அளக்கக்கூடியது எதுவும் அதில் அடங்கும்.

அமெரிக்கரான ஜோன் வொட்சன் 1913இல் இந்த அணுகுமுறைக்குப் பெயரிட்டு முன்வைத்தார். தன் மனத்தைத் தானே நோக்கிச் சொல்வதை அறிவியலாக ஏற்க முடியாது, காணக்கூடியதையே உளவியல் ஆராய வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஆகவே 'வாதம்' என்பதே பொருத்தம். சிலர் எழுதும் 'நடத்தையியல்' ஒரு துறையின் பெயர்போல ஒலிக்கிறது. 'நடத்தைக் கொள்கை' என்றால் இங்கே சுற்றுநிருபம் நினைவுக்கு வரும்.

இதைவிட எனக்குப் பிடித்த சொல் இணை 'தூண்டல் – துலங்கல்' (stimulus – response). துலங்குதல் என்றால் ஒளிர்தல், தெளிவாய்த் தெரிதல். உள்ளே என்ன நடந்தாலும் வெளியே துலங்குவதை மட்டும் கணக்கெடுப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆக்கியவர் யாரோ, அவரை வணங்குகிறேன். வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் பின்னேரம், பாணும் பணிஸும் விற்றுவரும் சூன் பாண் ஓட்டோவின் மெட்டுக் கேட்கிறது. மீன் பணிஸைக் காணுமுன்பே பிள்ளைக்கு வாயூறுகிறது. மெட்டுத் தூண்டல், வாயூறல் துலங்கல். உணவோடு சேர்ந்தே வந்த ஒலி, பிறகு தனியாகவே வாயூறச் செய்கிறது. ரஷ்யாவில் உடலியலாளர் பாவ்லோவ் நாய்களிடம் கண்ட நிபந்தனைப்படுத்தல் இதுதான். தமிழ்நாட்டு நூல்களில் இதை 'ஆக்கநிலையுறுத்தல்' என்பார்கள்.

இந்த வாதத்தின் பலம் கைமேல் பலன் தருவது. 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சிறுவனுக்கு விருப்பமான உணவைக் கொடுத்தபடியே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். இன்றும் அச்சங்களுக்கான சிகிச்சையில் அந்த வழி வாழ்கிறது. பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் உடனே பாராட்டுக் கொடுக்கும் முறை, விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குக் கற்பிப்போருக்குப் பெரிய துணை.

ஒரு நடத்தையை மீண்டும் வரச்செய்யும் அத்தகைய பாராட்டை, பரிசை 'மீளவலியுறுத்தல்' என்கிறோம். இங்கேதான் குறைபாடும் தொடங்குகிறது. 1973இல் வெளியான ஓர் ஆய்வில், வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள சிறுபிள்ளைகள் சிலருக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையவிட்டார்கள். பின்னர் பரிசில்லாத வேளையில் அவர்களே குறைவாக வரைந்தார்கள். கொப்பியில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் ஆசிரியர்களிடம் இதைச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். மொழியும் இடித்தது: யாரும் சொல்லிக்கொடுக்காத வசனத்தைப் பிள்ளை தானே ஆக்குவதை மீளவலியுறுத்தலால் விளக்க முடியாது என்று 1959இல் மொழியியலாளர் நோம் சொம்ஸ்கி, நடத்தைவாதியான ஸ்கின்னரை மறுத்தார்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. புதுவருடத்துக்குப் பட்டாசு வெடிக்கிறது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது கோட்டையில் வேலைக்குப் போயிருந்த ஒருவரும், பிறகு பிறந்த அவர் பேரனும் ஒன்றாகத் திடுக்கிடுகிறார்கள். துலங்கல் ஒன்றே. பேரன் அடுத்த வெடியைக் கொளுத்த ஓடுகிறான். தாத்தா கதிரையில் இருந்தபடி, அன்று வீடு திரும்பாத ஒருவரின் பெயரைச் சொல்கிறார்.