மணிக்கு 12 சென்ட்

மனநல ஆலோசகரான என்னிடம் இந்த மாதம் மட்டும் நான்கு பேர் வந்தார்கள். நால்வரும் ஒரு காலத்தில் மாதச் சந்தா கட்டி, ஒரு பாத்திரமாக மாறி, ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரே உலகத்தில் ஆடும் இணைய விளையாட்டில் ஊறியவர்கள். நிறுத்தி இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு, ஒருவருக்கு ஏழு ஆண்டு ஆகிவிட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: திரும்பப் போகலாமா? முதல் மூவரிடம் பொறுமையாகவே பேசினேன். நான்காமவர் கைப்பேசியில் ஒரு கணக்குத் தாளைத் திறந்து என் பக்கம் திருப்பியபோது, இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவர் தொழிலால் கணக்காளர். தாளில் மாதச் சந்தா 14.99 டாலர் என்று இருந்தது. முன்பு ஆடிய நாட்களில் மாதம் சராசரியாக 120 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 12 சென்ட். அதன் கீழே திரைப்பட டிக்கெட், உணவகம், புத்தகம், சுற்றுலா என ஒவ்வொன்றும் மணிக்கு எவ்வளவு என்று வண்ணம் பூசி வைத்திருந்தார். விளையாட்டு பச்சை, மற்ற எல்லாமே சிவப்பு.

"இதைவிட மலிவான பொழுதுபோக்கு ஒன்று சொல்லுங்கள், மேடம்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தாளை அவர் பலமுறை பார்த்திருக்க வேண்டும்.

"மாதம் 60 மணி நேரம் ஆடினால் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"25 சென்ட்."

"20 மணி நேரம் என்றால்?"

விரல் ஓடியது. "75 சென்ட்."

"அப்படியென்றால் குறைவாக ஆடினால் உங்களுக்கு நஷ்டம்?"

"ஆமாம்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. சந்தா விளையாட்டு ஆடுகிறவர்கள் நடுவில் இது வேதவாக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நன்றாகப் படித்தவர்கள், அலுவலகத்தில் கோடிக்கணக்கில் வரவு செலவு பார்க்கிறவர்கள்கூட இதைச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். வகுத்தலில் மேலே பணம், கீழே நேரம். கீழே உள்ள எண் பெருகப் பெருக விடை சிறுத்துக்கொண்டே போகும். மாதம் 200 மணி நேரம் ஆடுகிறவருக்கு மணிக்கு 7 சென்ட். வேலையை விட்டுவிட்டு, குளிக்காமல், கதவைத் தாழிட்டுக்கொண்டு 350 மணி நேரம் ஆடுகிறவருக்கு 4 சென்ட். என்னிடம் வருகிறவர்களில் யாருடைய நிலைமை மிக மோசமோ அவருக்கே இந்தக் கணக்கு முதல் பரிசு கொடுக்கிறது. காய்ச்சல் ஏற ஏற எண்ணைக் குறைத்துக் காட்டும் வெப்பமானியை நீங்கள் வீட்டில் வைத்திருப்பீர்களா?

நேரத்தை வரவுப் பக்கம் எழுதியதுதான் பிழை. அது செலவுப் பக்கத்துக்கு உரியது. 120 மணி நேரம் என்பது வாரம் 40 மணி நேர வேலையில் மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தைக் கொடுத்து எதை வாங்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி. 14.99 டாலர் அதில் சில்லறை. இந்த வகை விளையாட்டுகளில் ஒன்றான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004-இல் வெளியானபோது அமெரிக்காவில் அதன் மாதச் சந்தா இதே 14.99 டாலர்தான், 2024-இலும் அதேதான். இருபது ஆண்டுகளில் மற்றதெல்லாம் ஏறிவிட்டதால் சந்தா உண்மையில் மலிவாகிவிட்டது. ஒரு நாளைக்கு இருக்கும் மணி நேரம் மட்டும் ஏறவில்லை. திரும்பிப் போகலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் சந்தாவைப் பற்றியே யோசிக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை வியப்பு.

சந்தாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 1985-இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில், ஒரு பருவத்து நாடகங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து விற்கும் பருவச் சீட்டை வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளுபடி. முழு விலை 15 டாலர். நம் சந்தாவுக்கு ஒரு சென்ட்தான் வித்தியாசம்! பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். கொடுத்த காசு இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் தேய்ந்துபோனது. பணம் கொடுத்த வலி மறந்ததும் இழுப்பும் போய்விட்டது என்று நான் வாசிக்கிறேன். பருவச் சீட்டு ஒருமுறை வாங்குவது. மாதச் சந்தாவோ, வலி ஆறும் முன்பே அடுத்த மாதம் மறுபடி கிள்ளுகிறது. "கட்டியாகிவிட்டது, ஆடாமல் விட்டால் வீண்" என்ற எண்ணம் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை புதிதாகப் பிறக்கிறது. "ஒரு மாதம் கட்டிப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் விட்டுவிடுகிறேன்" என்று சொல்கிறவர்கள் பாதிப் பேர் நான்காவது மாதத்தில் என் முன்னால் உட்கார்ந்து, "பிடிக்கவில்லை, ஆனால் ஆடிக்கொண்டிருக்கிறேன்" என்கிறார்கள்.

அதற்காக, போகவே கூடாது என்று சொல்பவள் நான் என்று நினைத்துவிடாதீர்கள். நால்வரில் ஒருவரிடம் போங்கள் என்றுதான் சொன்னேன். குழந்தை பிறந்தபோது ஆட்டத்தை விட்டவர் அவர். கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் ஆட்டக்காரர் குழுவில், மற்றவர்களைக் குணப்படுத்தும் பாத்திரம் அவருடையது. ரெய்டு எனப்படும் பெரிய குழுச் சண்டையில் இருபது பேர் உயிர் பிழைப்பதும் மடிவதும் அவர் கையில் இருந்த காலம் அது. மூன்று ஆண்டு கழித்துப் பழைய கூட்டாளி ஒருவர் செய்தி அனுப்பியிருந்தார். "நீங்கள் முதலில் என்ன பதில் எழுதினீர்கள்?" என்று கேட்டேன். "எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு என்று கேட்டேன்." இதைக் கேட்டதும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. வாரம் ஒரு இரவு, மூன்று மணி நேரம், தெரிந்த ஆறு பேர். கணவர் அந்த இரவு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டுவிட்டார். இதில் மனநல ஆலோசகருக்கு என்ன வேலை? இந்த வாரம் தெருமுனையில் சீட்டாடப் போகலாமா என்று என்னிடம் யாரும் கேட்பதில்லையே.

ஏழு ஆண்டுக்காரரின் கதை வேறு. அவர் யாரிடமும் கேட்காமல் ஒரு மாதம் கட்டி உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். நண்பர் பட்டியலில் நாற்பத்து மூன்று பெயர். நாற்பத்து மூன்றும் சாம்பல் நிறம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கடைசியாக வந்தது எப்போது என்ற குறிப்பு: நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு. திரையின் அடியில் நாற்பதுக்கு மேல் பொத்தான்கள். எது எதற்கு என்று கைக்கு மறந்துவிட்டது. "வீட்டில் எல்லோரும் காலி செய்துகொண்டு போன பிறகு சாவியோடு வந்தது போல இருந்தது" என்றார். ஆனாலும் மறுநாளும் போனாராம். ஏன் என்று கேட்டேன். "இன்னும் இருபத்தெட்டு நாள் மிச்சம் இருக்கிறதே, மேடம்."

என் தொழில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. "இது வெறும் பழைய நினைவு, அங்கே உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். 2013-இல் வார்கிராஃப்டைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ரசிகர் மாநாட்டில் ஒருவர் விளையாட்டின் பழைய வடிவத்தைத் திரும்பத் தருவீர்களா என்று கேட்டபோது, தயாரிப்புப் பொறுப்பில் இருந்தவர் மேடையிலேயே, வேண்டும் என்று நினைக்கிறீர்கள், ஆனால் உங்களுக்கு வேண்டியது அதுவல்ல என்ற பொருளில் பதில் சொன்னார். 2019 ஆகஸ்ட்டில் அதே நிறுவனம் அதே பழைய வடிவத்தை வெளியிட்டது. உள்ளே நுழைய மக்கள் மணிக்கணக்கில் சர்வர் வரிசையில் காத்திருந்தார்கள். அடுத்தவருக்கு எது வேண்டும் என்று அவரைவிட நமக்குத் தெரியும் என்ற நினைப்பு யாருக்கும் நல்லதில்லை.

அதேபோல் குடும்பத்தினருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் விளையாட்டுக் கோளாறு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதைச் சொல்ல, கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டம் வந்துவிடுவது, கெடுதல் நேர்ந்த பிறகும் தொடர்வது என மூன்றும் வேண்டும். பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிக்கவும் வேண்டும். வாழ்க்கை நிலைகுலைந்திருக்க வேண்டும். ஞாயிறு மாலை மூன்று மணி நேரம் ஆடுகிற கணவருக்குக் கைப்பேசியில் படித்துவிட்டு நோயின் பெயர் சூட்டாதீர்கள். அந்தச் சொல்லோடு அழைத்து வரப்படுகிறவர் முதல் அரை மணி நேரத்தைத் தன்னைத் தற்காத்துக்கொள்வதிலேயே கழித்துவிடுகிறார்.

இனி, போவது என்று முடிவெடுப்பதற்கு முன்.

காசு கட்டும் முன் ஆட்களைத் தேடுங்கள். "கில்டு இருக்கும்" என்பது போதாது. மூன்று பெயர், ஒரு கிழமை, ஒரு நேரம். பதில் வராவிட்டால் அதுவே ஒரு பதில். தனியாகக் கதையை முடிக்கத்தான் போகிறேன் என்றால் அதுவும் நல்ல காரணமே. கதை முடிந்ததும் வெளியே வரத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இலவசமாக எட்டிப் பார்க்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். வார்கிராஃப்டில் 20-ஆம் லெவல் வரை சந்தா இல்லாமல் ஆடலாம். இன்னொரு சந்தா விளையாட்டான ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் பழைய ஆட்டக்காரர்களுக்கு அவ்வப்போது சில நாள் இலவச அழைப்பு வரும். அங்கே ஒருமுறை முழுப் பதிப்புக்கு மாறிய கணக்கு இலவசமாக ஆடிப் பார்க்கும் சோதனைப் பதிப்புக்கு மறுபடி திரும்ப முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறு மாதச் சந்தா தள்ளுபடியில் கிடைக்கிறதா? வேண்டாம். உறுதியாக வேண்டாம். ஒரு மாதம் மட்டும். பணம் போன அதே நிமிடம், விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே, தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்துங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் கட்டிய நாட்கள் எங்கும் போய்விடாது. அடுத்த மாதம் வேண்டுமென்றால் நீங்களே கையால் கட்டுங்கள். அந்த இரண்டு நிமிடத் தொல்லை உங்களுக்குத் தேவை. ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் தயாரிப்பாளர் நவோக்கி யோஷிதாவே, முடித்துவிட்டால் நிறுத்திவிட்டு வேறு விளையாட்டுகளை ஆடுங்கள், புதிதாக ஏதாவது வரும்போது திரும்பி வாருங்கள் என்று பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். விற்கிறவர் சொல்வதை வாங்குகிறவர் ஏன் மறுக்க வேண்டும்?

ஆனால் அதே விளையாட்டுக்குள் சொந்தமாக வீடு வைத்திருந்தால், 45 நாள் உரிமையாளர் உள்ளே நுழையாவிட்டால் அது இடிக்கப்படும். மனைகள் குறைவு, காத்திருப்போர் அதிகம், நியாயமான விதிதான். என்னிடம் வந்த ஒருவர் இப்படி ஒரு வீட்டுக்காகவே ஒன்றரை ஆண்டு சந்தா கட்டினார். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து, நின்று, மூடிவிட்டு வருவார். ஆட்டம் என்று எதுவும் கிடையாது. திரும்பிப் போகிறவர்கள் முதல் மூன்று மாதம் வீடு வாங்காதீர்கள். பழைய வீடு போயிருந்தால் போகட்டும்.

பழைய பாத்திரத்தோடு தொடங்காதீர்கள். புதிதாக ஒன்றை உருவாக்கி நான்கு பொத்தானிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் பத்து லெவலே சலிப்புத் தட்டினால் நீங்கள் தேடி வந்தது இங்கே இல்லை.

அந்த நேரம் எங்கிருந்து வரும் என்பதைத் தாளில் எழுதுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். வாரம் பத்து மணி நேரம் என்றால் தூக்கத்திலிருந்தா, தொடர் பார்ப்பதிலிருந்தா, பிள்ளைகளிடமிருந்தா? தொடர் பார்ப்பதிலிருந்து என்றால் தாராளமாகப் போங்கள். தூக்கத்திலிருந்து என்றால் என்னிடம் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

வேலை போன வாரத்தில், பிரிவு நேர்ந்த மாதத்தில், இரவு இரண்டு மணிக்கு இந்த முடிவை எடுக்காதீர்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டில் இருப்பவரிடம் கட்டுவதற்கு முன்பே சொல்லுங்கள். கட்டிவிட்டுச் சொன்னால் அது அறிவிப்பு. அந்தக் கணக்காளரின் மனைவி கடைசியில் பேசியது ஒரே வாக்கியம்: "ஆடுவது எனக்குப் பிரச்சினை இல்லை, எத்தனை மணிக்கு முடியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது." கணவரின் தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழுவாக ஆடும்போது நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. ஒருவர் எழுந்தால் மற்றவர்களின் ஒரு மணி நேரமும் போய்விடும். அதனால் தொடங்குவதற்கு முன்பே, முடியும் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நேரம் வரை கூப்பிடாதீர்கள். சொன்ன நேரம் தாண்டினால் இணைய இணைப்பைப் பிடுங்கப் போகாமல், மறுநாள் காலையில் பேசுங்கள்.