ஐஸ் கரைந்தால் கடல் குடிக்கும் வெயில்

சுடுகிற கச்சான் காற்று வீசும் நாளில், உச்சி வெயில் நேரம், மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் வள்ளமொன்றைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் பெயின்ட் அடித்த இடத்தில் கை தாங்கும். ஒரு சாண் தள்ளிக் கறுப்புப் பட்டையில் வைத்தால் உடனே எடுத்துவிடுவீர்கள். வெயில் ஒன்றுதான். வெள்ளை திருப்பி அனுப்புகிறது, கறுப்பு குடித்துவிடுகிறது.

வட துருவக் கடலிலும் இதே கதைதான். புதுப்பனி மூடிய ஐஸ், தன்மேல் விழும் ஒளியில் 80 வீதத்துக்கு மேல் திருப்பிவிடும். ஐஸ் போய்க் கடல் தெரிந்தால் திரும்புவது 7 வீதமளவுதான். மீதியைக் குடித்துச் சூடேறும் கடல் பக்கத்து ஐஸையும் கரைக்கும். அப்போது இன்னும் கொஞ்சம் கடல் வெளிப்படும். இந்தச் சுழற்சியைத்தான் பின்னூட்டம் என்கிறார்கள்.

சரி, இதை எப்படி அளப்பது? ஐஸில் ஒரு கம்பம் நட்டு வெயிலை அளக்கும் இரண்டு கதிர்மானிகளைப் பூட்டுவார்கள். ஒன்று வானத்தைப் பார்க்கும், மற்றது கீழே பார்க்கும். கீழிருந்து வருவதை மேலிருந்து வருவதால் வகுத்தால் திரும்பும் ஒளியின் பங்கு, அதாவது அல்பீடோ, கிடைக்கும். ஆனால் ஒரு கம்பம் தன் காலடியைத்தான் பார்க்கும். முழுக் கடலுக்கும் செய்மதி வேண்டும். அங்கே முகில் குழப்பும், அதுவும் வெள்ளைதானே! நுண்ணலைக் கருவிகள் முகிலையும் துருவ இருட்டையும் தாண்டி ஐஸின் பரப்பைக் காட்டும். அந்தப் பதிவு 1979 முதல் தொடர்ச்சியாக இருக்கிறது. திரும்பும் ஒளியை நேரடியாக அளக்கும் நாசாவின் செரெஸ் பதிவு 2000இல்தான் தொடங்குகிறது.

இரண்டையும் பொருத்திப் பார்த்தவர்களில் ஒருவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீரபத்திரன் ராமநாதன். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, வட துருவப் பகுதியின் அல்பீடோ 1979க்கும் 2011க்கும் இடையில் 0.52இலிருந்து 0.48க்கு இறங்கியது. சின்ன எண் என்று தள்ளிவிடாதீர்கள். சதுர மீற்றருக்கு 6.4 வாற்று கூடுதலாக உள்ளே போகிறது. உலகம் முழுக்கப் பரப்பிப் பார்த்தாலும், அதே காலத்தில் கூடிய காபனீரொட்சைட்டு நேரடியாகப் பிடித்துவைத்த வெப்பத்தில் கால்வாசி! உலகம் முழுக்கப் பரப்பிய இந்த வாற்றை உலகம் சூடேறிய பாகையால் வகுத்தால் பின்னூட்டத்தின் பலம் தெரியும்.

ஆனால் வட துருவம் அதிகம் சூடேறுவது கோடையில் அல்ல, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். பகல் முழுக்கக் காய்ந்த மணல் ஆறிய பிறகும், இரவில் நம் வாவித் தண்ணீர் இளஞ்சூடாக இருக்குமே, அப்படித்தான். கோடையில் வாங்கியதைக் கடல் இருட்டில் கொடுக்கிறது. ஆக, கோடைக் கணக்கு மட்டும் போதாது. 2019இல் போலார்ஸ்ரேர்ன் என்ற ஜேர்மன் கப்பல் ஐஸோடு ஐஸாக உறைந்து, துருவ இருட்டினூடே மிதந்துகொண்டே, கடலிலிருந்து காற்றுக்கு ஏறும் வெப்பத்தையும் அளந்தது.