ஈ.சி. (வில்லங்கச் சான்றிதழ்) சுத்தமாக இருந்தால் லாட்ஜ் நடத்திவிடலாமா?

"சார், ஈ.சி. சுத்தமா இருக்கு. பட்டா அவர் பேர்லதான் இருக்கு. பத்திரமும் பதிஞ்சாச்சு. அப்புறம் எப்படி சார் பூட்டுவாங்க?"

இந்தக் கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சிவில் வழக்கறிஞர். மலையில் சொத்து வாங்குகிறவர்களின் பத்திரங்களைப் பார்த்து லீகல் ஒப்பினியன் கொடுப்பது என் அன்றாட வேலை. கடைசியாக இதைக் கேட்டவர் வங்கியில் ஓய்வு பெற்றவர். பி.எஃப்., கிராஜுவிட்டி, மனைவியின் நகை எல்லாவற்றையும் போட்டுக் கொடைக்கானலில் எட்டு அறை லாட்ஜ் ஒன்றை வாங்கிவிட்டார். என்னிடம் வந்தது வாங்கிய பிறகு, கையில் நோட்டீஸோடு. அந்தக் கட்டடத்துக்கு இருந்தது குடியிருப்பு வீட்டுக்கான அனுமதி. மாடியில் இருந்த மூன்று அறைகள் வரைபடத்திலேயே கிடையாது. விற்றவரிடம் இவர் கேட்டதற்கு, "இங்க எல்லாரும் இப்படித்தான் நடத்துறாங்க" என்று சொல்லியிருக்கிறார். இவரும் நம்பிவிட்டார்.

பத்திரம் என்பது சொத்து யாருடையது என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான். அந்தக் கட்டடம் அங்கே இருக்கலாமா, அதில் விருந்தினரைத் தங்கவைத்துக் காசு வாங்கலாமா என்பதைப் பத்திரம் சொல்லாது. வில்லங்கச் சான்றிதழும் சொல்லாது. பதிவான விற்பனை, அடமானம், தானம் போன்றவைதான் ஈ.சி.யில் வரும். நகராட்சி ஒட்டிய நோட்டீஸ் அதில் வராது. "சார்பதிவாளர் நேரில் வந்து பார்த்துட்டுத்தானே பதிஞ்சார்" என்பார்கள். அவர் வந்தது கட்டடத்தின் மதிப்பைப் பார்க்க, நீங்கள் கட்டிய முத்திரைத்தீர்வை சரியா என்று தெரிந்துகொள்ள. "சொத்து வரி கட்டுறோமே, வாங்கிக்கிறாங்களே!" என்பார்கள். அனுமதி இல்லாத கட்டடத்துக்கும் வரி வாங்குவார்கள். வரி ரசீது எந்த விதிமீறலையும் சரியாக்காது. "கமர்ஷியல் கரண்ட் கனெக்‌ஷன் இருக்கு" என்பதும் இதே கதைதான். மின்வாரியம் வணிகக் கட்டணம் வாங்குவதால் கட்டடம் வணிகக் கட்டடம் ஆகிவிடாது.

நீங்கள் கேட்க வேண்டிய காகிதங்கள் வேறு. ஒப்புதல் பெற்ற வரைபடம் வேண்டும். அதில் உபயோகம் என்ன என்று போட்டிருக்கிறது, எத்தனை தளம் என்று பாருங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்து எண்ணுங்கள். பிறகு நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுத்துமூலம் கேளுங்கள்: அனுமதி இல்லாத கட்டடங்கள்மீது நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 56, 57 பிரிவுகளின்கீழ் இந்தக் கட்டடத்துக்கு நோட்டீஸ் ஏதாவது போயிருக்கிறதா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் பத்து ரூபாய்தான். இதற்கு ஒரு மாதம் பொறுக்க முடியாதவர்கள் கோடிக்கணக்கில் முதல் போடுவதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

மலை என்றால் சட்டம் இன்னும் கடுமை. கொடைக்கானலில் 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி விதிமீறிய விடுதிகளையும் கடைகளையும் வரிசையாகப் பூட்டி சீல் வைத்தார்கள். நீலகிரியில் சீகூர் பகுதி யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் சீல் வைக்கச் சொன்னது. அந்தப் பகுதியை யானை வழித்தடம் என்று அரசு அறிவித்தது செல்லும் என்று 2020 அக்டோபர் 14-ல் தீர்ப்பும் வந்துவிட்டது. அந்த அறிவிப்பு வெளியானது 2010-ல். வழக்கு நடந்த பத்து வருடத்தில் அங்கே முதல் போட்டவர்கள் இருக்கிறார்கள். "கேஸ்தானே, இழுத்துக்கிட்டே போகும்" என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள்.

கட்டடத்தோடு நிலத்தையும் பாருங்கள். கூடலூர் பக்கம் ஜென்ம நிலச் சட்டம் 1969-ன் 17-ஆம் பிரிவில் வரும் நிலம் (பழைய ஜென்மிகள் குத்தகைக்கு விட்டு, அரசோடு தகராறில் இருக்கும் நிலம்) என்றால் கிட்டேயே போகாதீர்கள். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949-ன்கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தை அந்தச் சட்டப்படி அமைத்த குழுவின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. நிபந்தனைப் பட்டா (விற்பதற்கு நிபந்தனை போட்டு அரசு கொடுத்த நிலம்), பஞ்சமி நிலம் (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலம்) இரண்டையும் முப்பது வருட ஈ.சி.யில் தேடினால் கிடைக்காது. தாலுகா அலுவலகத்தில் நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிலிலேயே சிலர் அதைப் பார்க்காமல் ஒப்பினியன் எழுதிவிடுகிறார்கள். உங்கள் வக்கீல் பார்த்தாரா என்று கேளுங்கள். கேட்டதற்கு அவர் கோபித்துக்கொண்டால் வேறு வக்கீலைப் பாருங்கள்.

"ஹோம்ஸ்டே என்று போட்டுக்கலாமே" என்று சிலர் வருவார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்கல்-காலை உணவுத் திட்டத்தில் அதிகபட்சம் ஆறு அறைதான், உரிமையாளர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு மேனேஜரை வைத்து நடத்துவது ஹோம்ஸ்டே கிடையாது.

வருமானக் கணக்குக்கு வருகிறேன். விற்கிறவர் காட்டுவது மே மாத நோட்டைத்தான். அதைப் பன்னிரண்டால் பெருக்கி இ.எம்.ஐ. போட்டுவிடாதீர்கள். கடைசி இரண்டு வருடத்து ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், மின் ரசீது, ஆன்லைன் புக்கிங் தளங்களின் மாதக் கணக்கு மூன்றையும் கேட்டு வாங்கி ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுங்கள். அறை எல்லாம் நிரம்பியிருந்தது என்று சொல்லும் மாதத்தில் கரண்ட் பில் குறைந்திருந்தால் கேள்வி கேளுங்கள். "ஜி.எஸ்.டி.யில கொஞ்சம் குறைச்சுக் காட்டினோம் சார்" என்று பதில் வந்தால், ரிட்டர்னில் காட்டிய அந்தக் குறைந்த தொகையை மட்டும் வருமானமாக வைத்து விலை பேசுங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000, வாரக்கடைசியில் 6,000 வாகனம் என்று உயர் நீதிமன்றமே வரம்பு வைத்தது. அதற்கு முந்தைய வருடங்களின் கணக்கை வைத்துக்கொண்டு கனவு காணாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு (லாட்ஜுக்கு வாங்கிய பொருள், சேவைக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வது) கிடையாது. பழைய லாபக் கணக்கில் அந்த வரவைச் சேர்த்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை விருந்தாளியாகப் போய் இரண்டு நாள் தங்குங்கள், யாரென்று சொல்லாமல். ஏப்ரலில் இன்னொரு தடவை போய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, லாரிக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை செய்கிற பையன்களிடம் பேசுங்கள். சம்பளப் பாக்கி இருந்தால் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

லீஸுக்கு எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினைந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஐந்து வருடம் என்று வாயால் பேசி, கையில் பதினோரு மாத ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு போகிறீர்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். செலவு ஆகும்தான். ஆனால் உங்கள் காசில் பெயின்ட் அடித்து, மெத்தை மாற்றி, நல்ல ரேட்டிங் வாங்கிய பிறகு பன்னிரண்டாம் மாதம் உரிமையாளர் வாடகையை இரட்டிப்பாக்கினால், பதிவு செய்யாத பேச்சை வைத்துக்கொண்டு என்னால் நீதிமன்றத்தில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

இன்னொன்றையும் பலர் விட்டுவிடுகிறார்கள். மே மாத புக்கிங்குக்கான பணத்தை விற்கிறவர் ஜனவரியிலேயே வாங்கியிருப்பார். சாவி உங்கள் கைக்கு வந்ததும், குடும்பத்தோடு வந்து நிற்கிறவர்களுக்கு அறை கொடுக்க வேண்டியது நீங்கள். மின் பாக்கியும் இடத்தோடு சேர்ந்து உங்கள் தலையில் விழலாம். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அந்த லாகின் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தயவுசெய்து டோக்கன் கொடுப்பதற்கு முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள், என்னைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. கிரய ஒப்பந்தத்தில் மூன்று வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: லாட்ஜாக நடத்துவதற்கான கட்டட அனுமதியும் உரிமங்களும் செல்லுபடியாக இருப்பதாக விற்பவர் உறுதி தருகிறார், கிரயத் தேதி வரையிலான வரி, மின் பாக்கி, சம்பளம், முன்பதிவுப் பணம் அனைத்தும் அவர் பொறுப்பு, உறுதி பொய்யானால் வாங்கிய அட்வான்ஸை வட்டியோடு திருப்பித் தருவார். இந்த மூன்று வரிக்குக் கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காமல் மலையை விட்டு இறங்கிவிடுங்கள்.