சான்றுசார் மருத்துவம்

ஆய்வில் கண்ட சான்றையும் வைத்துச் சிகிச்சையைத் தீர்மானிக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘எவிடன்ஸ் பேஸ்ட் மெடிசின்’ என்று பெயர். தமிழில் அதற்கு ஆதாரம் சார்ந்த மருத்துவம், சான்றுசார் மருத்துவம் என்று இரு பெயர்கள் எழுதப்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் எழுதுபவருக்கு இரண்டாவதே பொருத்தம். பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் உள்ளவை ஆதார வைத்தியசாலைகள். அங்கே ‘ஆதாரம்’ வைத்தியசாலையின் தரநிலையைச் சுட்டுகிறது. ‘ஆதார மருத்துவம்’ என்று சுருக்கினால் அங்கு கிடைக்கும் மருத்துவம் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். ‘சாட்சி’ நீதிமன்றத்துச் சொல். ‘மருத்துவச் சான்று’ என்றாலோ லீவுக்குக் கொடுக்கும் மெடிக்கல்தான் நினைவுக்கு வரும். ஆகவே ‘சார்’ விடுபடக்கூடாது.

எவிடன்ஸின் வேர் லத்தீனின் எவிதெந்தியா. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது என்று பொருள். தமிழில் ‘சான்று’ என்பதைச் ‘சால்’ என்ற வினையோடு சேர்த்துப் பார்ப்பர். நிறைதல், போதியதாதல் என்பன அதன் பொருள்கள். சான்றுக்குப் பழஞ்சொல் ‘கரி’. ‘இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் இரண்டும் அருகருகே நிற்கின்றன: போதிய சான்று. இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான், மீட்டெடுக்க வழியில்லை.

தொடரை உருவாக்கியவர் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்துக் கோர்டன் கயற். முதலில் அவர் ‘விஞ்ஞான மருத்துவம்’ என்றுதான் பெயர் வைத்தார். அப்படியானால் நாங்கள் செய்வது விஞ்ஞானம் இல்லையா என்று சக வைத்தியர்கள் கோபிக்க, பெயரை மாற்றினார். 1991இல் அச்சேறிய புதுப்பெயர் 1992இல் பரவலானது. 1996இல் டேவிட் சக்கற்றும் சகாக்களும் தந்த விளக்கத்தில் ஆய்வுச் சான்றோடு வைத்தியரின் அனுபவத்திறனும் நோயாளியின் விருப்பமும் சேர்ந்தன. ‘ஆய்வு சொல்லிவிட்டது, முடிந்தது’ என்பது இந்தச் சொல்லின் பொருளே அல்ல.

பாம்புக்கடியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். குடாநாட்டில் சுருட்டையும் முத்திரைப் புடையனும் (கண்ணாடி விரியன்) கடித்தால் இரத்தம் உறையாமற் போகலாம். ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் 20 நிமிட உறைவுச் சோதனை போதும்: 2 மி.லீ. இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்க்கவேண்டும். திரவமாகவே ஓடினால் உறைவு கெட்டிருக்கிறது. பிழை பெரும்பாலும் குழாயில்தான். உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்ரிக் குழாயிலும் சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் அந்தத் தூண்டல் குறைவு. நல்ல இரத்தமும் உறையாததுபோலத் தெரிந்து, தேவையில்லாதவருக்கு விஷமுறி ஏறிவிடும். குதிரையின் பிளாஸ்மாவிலிருந்து செய்யும் அந்த மருந்துக்கு ஒவ்வாமை வருவது இங்கு சர்வசாதாரணம். கடித்ததற்காக மட்டும் அதைக் கொடுப்பதில்லை. விஷம் ஏறிய அறிகுறி வேண்டும்.

ஒவ்வாமையைத் தடுக்க ஐதரோகோர்ட்டிசோனும் புரோமெதசீனும் முன்கூட்டியே போடுவது நெடுநாள் வழக்கம். 2011இல் வெளியான இலங்கை ஆய்வு 1007 நோயாளிகளில் இதை எழுமாற்று முறையில், அதாவது யாருக்கு எது என்பதைக் குலுக்கல்போலத் தீர்மானித்து, சோதித்தது. அந்த இரண்டும் பயன் தரவில்லை. விஷமுறிக்கு முன் தோலின்கீழ் ஏற்றிய 0.25 மி.லீ. (1:1000) அட்ரினலின், முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமையை 43 வீதம் குறைத்தது. ஐதரோகோர்ட்டிசோன் சேர்ந்தபோது அந்தப் பயனும் போய்விட்டது. இதே மருந்தை இதே நாட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டது என்பதால்தான் இந்த முடிவு நமக்குச் ‘சாலும்’. மேற்கு ஆபிரிக்கச் சுருட்டை வேறு இனம். அதன் இறப்பு வீதத்தை வைத்து யாழ்ப்பாணத்துச் சுருட்டைக்கு முடிவெடுப்பது சான்றுசார் மருத்துவம் ஆகாது, கட்டுரை எவ்வளவு பெரிய சஞ்சிகையில் வந்திருந்தாலும்.

இதனோடு தொடர்புடைய சொற்களிலும் கவனம் வேண்டும். ‘ராண்டம்’ என்பதற்குத் தமிழகத்தில் ‘சமவாய்ப்பு’. நமது பாடநூல்களில் ‘எழுமாறு’. இங்கு எழுதும்போது ‘எழுமாற்றுச் சோதனை’ என்றே எழுதலாம். மருந்துபோலவே தோன்றும், ஆனால் மருந்தில்லாத ‘பிளசீபோ’வுக்கு ‘மருந்துப்போலி’ நல்ல சொல். ‘போலி மருந்து’ என்று திருப்பிப் போட்டால் கள்ள மருந்து என்றாகிவிடும்.