வாய்மொழி வரலாறா, வாய்வழி வரலாறா?

அமெரிக்க நகரங்களின் முதியவர்களிடம் பழைய வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள், 'ஓரல் ஹிஸ்டரி' என்று கண்டவுடன் 'வாய்வழி வரலாறு' என்று போட்டுவிடுகிறார்கள். வசன வரிகளிலும் அதுதான், இயந்திர மொழிபெயர்ப்பிலும் அதுதான், அதைப் பார்த்து எழுதும் கட்டுரைகளிலும் அதுதான். வாய்வழி என்பது மருந்துச் சீட்டுக்கு உரிய சொல். போலியோ சொட்டு மருந்தை வாய்வழியாகக் கொடுக்கலாம். வரலாற்றை அப்படிக் கொடுக்க முடியாது. இந்தத் துறைக்கு வாய்மொழி வரலாறு என்ற நல்ல பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

பொருள் இதுதான்: ஓரிடத்தில் வாழ்ந்தவரிடம் அல்லது ஒரு நிகழ்ச்சியை நேரில் கண்டவரிடம் ஆயத்தத்தோடு கேள்வி கேட்டு, அவர் சொல்வதை ஒலியாகப் பதிந்து, பிறரும் கேட்கும்படி காப்பகத்தில் வைப்பது. பதியாவிட்டால் அது வெறும் பேச்சு. காப்பகத்துக்குப் போகாவிட்டால் பேட்டி.

ஆங்கிலப் பெயரின் முதல் பாதி இலத்தீனில் வாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1942-ல் நியூயார்க்கர் இதழ், தன் காலத்தின் 'ஓரல் ஹிஸ்டரி'யை எழுதிவருவதாகச் சொல்லித் திரிந்த ஜோ கூல்ட் என்பவரைப் பற்றி எழுதியது. 1948-ல் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதை முறையான ஆய்வுத் திட்டமாகத் தொடங்கினார். அவருடைய முதல் நேர்காணலை ஒரு மாணவர் கையாலேயே குறிப்பெடுத்தார். ஒலிப்பதிவுக் கருவி பிறகுதான் வந்தது. தமிழில் 'வாய்மொழி' மிகப் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் 'பாட்டு உரை நூலே வாய்மொழி பிசியே' என்று அதைச் செய்யுளில் ஒரு வகையாகவே எண்ணுகிறது. அங்கே அதற்கு மந்திரம் என்று பொருள். நம்மாழ்வாரின் திருவாய்மொழியைச் சொல்லவே வேண்டாம். இன்றும் வாய்மொழித் தேர்வு, வாய்மொழிச் சாட்சியம், வாய்மொழி உத்தரவு என்று ஒருவர் தம் வாயால் சொல்லும் சொல்லையே அது குறிக்கிறது.

'வாய்வழி'க்காக வாதாடுபவர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். நாட்டுப்புறப் பாடலையும் கதையையும் வாய்மொழி இலக்கியம் என்கிறோம். வரலாற்றுக்கும் அதே அடைமொழி வந்தால் குழப்பம் என்கிறார்கள். குழப்பம் எதுவும் இல்லை. வாய்மொழி மரபு, வாய்மொழி இலக்கியம், வாய்மொழி வரலாறு என்று பின்னால் வரும் பெயர்ச்சொல்லே வேறுபாட்டைக் காட்டிவிடுகிறது. உண்மையில் குழப்புவது 'வாய்வழி'தான். வழி என்றதும் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு, அங்கிருந்து அடுத்தவருக்கு என்று கைமாறி வந்த செய்தி என்ற எண்ணம் வருகிறது. அது செவிவழிச் செய்தி, கர்ண பரம்பரை. ஆப்பிரிக்க மரபுகளை ஆராய்ந்த யான் வான்சினா வலியுறுத்திய வேறுபாடே இதுதான். சொல்பவரின் வாழ்நாளுக்குள் நடந்தது வேறு, தலைமுறைகளைத் தாண்டி வந்து சேர்ந்தது வேறு.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே 'பிளாக் பாட்டம்' என்ற கறுப்பர் குடியிருப்பும், ஹேஸ்டிங்ஸ் தெருவை ஒட்டிக் கடைகளும் இசை விடுதிகளும் நிறைந்த 'பாரடைஸ் வேலி'யும் இருந்தன. 1950-களில் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடிக்கத் தொடங்கினார்கள்; ஹேஸ்டிங்ஸ் தெருவின் மேல் நெடுஞ்சாலை வந்தது. அங்கே வளர்ந்த ஒருவர், எந்தக் கடையில் தம் அம்மா கடன் சொல்லி மளிகை வாங்கினார், வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம் எப்போது வந்தது என்று சொன்னால் அது வாய்மொழி வரலாறு. அவரே, கறுப்பர்கள் குடியிருந்ததால்தான் பிளாக் பாட்டம் என்று பெயர் வந்தது என்றால் அது செவிவழிச் செய்தி, தவறும்கூட. ஆற்றோரத் தாழ்நிலத்தின் கறுத்த வளமான மண்ணைப் பார்த்துப் பிரெஞ்சுக் குடியேறிகள் வைத்த பெயர் அது. ஒரே ஆள், ஒரே ஒலிப்பதிவு, இருவேறு தகுதியுள்ள சான்றுகள். 'வாய்வழி வரலாறு' இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

இலக்கணமாகப் பார்த்தாலும் அது நிற்காது. வரலாறு என்பது வரல் + ஆறு. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படையில் வருகிற அதே ஆறு. வழி உள்ளே இருக்கும்போது வெளியே இன்னொரு வழி எதற்கு? 'செவிவழி வரலாறு' இன்னும் மோசம். சொன்னவரை விட்டுவிட்டுக் கேட்டவரைப் பிடித்துக்கொள்கிறது. 'சொல் வரலாறு' என்றால் சொற்பிறப்பு என்று பொருளாகும்.

மொழி என்ற பகுதியை நான் விடாமல் பிடிப்பதற்குக் காரணம், இந்த வேலையே அதைக் காப்பாற்றுவதுதான். சொல்பவரின் குரல் சிதையாமல் இருக்க 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், சுருக்காத வேவ் கோப்பாகப் பதிகிறார்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். எம்பி3 ஆகவே பதிந்தால் சுருக்கும்போது இழந்த ஒலி திரும்பக் கிடைக்காது. காலர் மைக் மோவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். சட்டைப்பொத்தானிலோ சங்கிலியிலோ உரசக் கூடாது. ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும், திடீரென்று சிரித்தாலும் கிழியாது. பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் ஃப்ரிட்ஜின் முனகல். அதை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட்டால், கிளம்பும்போது மறுபடி போட மறக்காது. கேட்பவர் 'ம்', 'ஆமாம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அதுவும் பதிவில் விழும்; தலையாட்டினால் போதும். தெருவிலுள்ள ஒவ்வொரு கட்டடத்தையும் காட்டும் பழைய சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தை விரித்து வைத்தால் முதியவர்களுக்கு நினைவு ஊறிவரும். ஆனால் அவர் விரலை வைத்து 'இதோ இங்கே' என்றால் கருவிக்கு எதுவும் தெரியாது. 'ஹேஸ்டிங்ஸ் தெருவும் ஆடம்ஸ் அவென்யூவும் சந்திக்கிற மூலையா?' என்று கேட்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

காலக்குழப்பமும் வரும். டெட்ராய்ட் தெருக்களில் 1943 ஜூனிலும் ராணுவம் இறங்கியது, 1967 ஜூலையிலும் இறங்கியது. எண்பதைத் தாண்டியவரின் நினைவில் இரண்டும் ஒட்டிக்கொள்ளலாம். 'எந்த ஆண்டு?' என்று குடைந்தால் அவர் ஊகித்துச் சொல்வார். 'அப்போது எந்த வீட்டில் இருந்தீர்கள், என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று கேட்டால் ஆண்டு தானாக வெளியே வரும்.

தவறான பெயர் ஒன்றோடு நிற்பதில்லை. பதிவில் பேசுபவரை அமெரிக்காவில் 'நரேட்டர்' என்கிறார்கள். அதைக் 'கதைசொல்லி' என்று பெயர்த்தால் சாட்சி சொல்ல வந்தவரைப் புனைவு எழுத்தாளராக்கிவிடுகிறோம். நினைவுரைப்பவர் என்றோ, எளிதாகச் சொல்பவர் என்றோ எழுதலாம். ஒலியைக் கேட்டு எழுத்தாக்குவதை 'ஒலிபெயர்ப்பு' என்கிறார்கள். அது ஒரு மொழியின் ஒலியை இன்னொரு மொழியின் எழுத்தில் எழுதுவது. இங்கே வேண்டியது படியெடுப்பு. ஒரு மணி நேரப் பதிவைப் படியெடுக்க ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். பேச்சு வழக்கைத் திருத்தி மெருகேற்றாமல், சொல்பவரிடமே காட்டி ஊர்ப்பெயர், ஆட்பெயர்களைச் சரிபார்க்க வேண்டும்.

இத்தனை பாடுபட்டுக் காத்த மொழியை மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடியில் அழித்துவிடுகிறார். 1967 ஜூலை 23 அதிகாலையில் 12-ஆம் தெருவில் உரிமமில்லாத ஒரு மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையோடு தொடங்கி 43 பேர் உயிரிழந்த நிகழ்ச்சியை, டெட்ராய்ட்காரர்கள் சிலர் 'ரயட்' என்பார்கள், சிலர் 'ரெபெல்லியன்' என்பார்கள், சிலர் 'அப்ரைசிங்' என்பார்கள். எந்தச் சொல்லைத் தேர்ந்தார் என்பதிலேயே அவர் எந்தப் பக்கம் நின்று பார்த்தார் என்பது தெரியும். தமிழில் வரும்போது எல்லாமே 'கலவரம்' ஆகிவிடுகிறது. முதலாவதற்குக் கலவரம், இரண்டாவதற்குக் கிளர்ச்சி, மூன்றாவதற்கு எழுச்சி என்று சொல்பவர் வாயில் வந்ததை வந்தபடியே பெயர்க்க வேண்டும். ஒரே ஆள் பாதியில் சொல்லை மாற்றினால் பெயர்ப்பும் அந்த இடத்தில் மாற வேண்டும்.