விண்டோஸ் 11 ஃபைல் எக்ஸ்ப்ளோரர்: பழகும் முன் மாற்ற வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பலர் விண்டோஸ் 11-க்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கோப்புகளைப் பார்க்க உதவும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததும் கண்ணில் படுவது அதன் எளிமை. மேலே இருந்த நீளமான ரிப்பன் போய், ஒற்றை வரிசையில் சில பட்டன்கள் மட்டுமே நிற்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோப்பு உண்மையில் எங்கே இருக்கிறது, அது எந்த வகை என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்தத் திரை தானாகப் பதில் சொல்வதில்லை. கோப்புகளைத் தொலைப்பவர்களில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

முதலில் இடம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸை அமைக்கும்போது, டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் நகர்ந்துவிட வாய்ப்பு அதிகம். பெயர் என்னவோ ‘பேக்கப்’. நடப்பது ஒத்திசைவு, அதாவது ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடங்களிலும் அப்படியே நடக்கும். இலவச இடம் 5 ஜிபிதான் என்பதால் சீக்கிரமே நிரம்பிவிடும். எச்சரிக்கையைப் பார்த்துப் பயந்து, ஒன்டிரைவ் இணையதளத்துக்குப் போய்ப் பெரிய கோப்புகளை அழிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கணினியிலும் அவை இருக்காது.

உங்கள் கணினியில் நிலைமை என்ன என்று அறிய, டெஸ்க்டாப்பில் உள்ள ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து ஆல்ட் + என்டர் அழுத்துங்கள். லொகேஷன் வரியில் ஒன்டிரைவ் என்ற சொல் இருந்தால் ஃபோல்டர் நகர்ந்துவிட்டது. பிறகு ஐகான்களைக் கவனியுங்கள். நீல மேகம் தெரிந்தால் கோப்பு இணையத்தில் மட்டும் இருக்கிறது, நெட் இல்லாத இடத்தில் திறக்காது. வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் என்றால் இப்போதைக்குக் கணினியிலும் ஒரு பிரதி உண்டு. முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால்தான் நிரந்தரமாக உண்டு. முக்கியமான ஃபோல்டரை வலது கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்துவிடுங்கள். கணினியில் இடம் போதவில்லை என்றால் டெலீட் வேண்டாம், அதே மெனுவில் உள்ள ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ போதும்.

அழித்துவிட்டால்? நீல மேகம் காட்டிய கோப்பு கணினியின் ரீசைக்கிள் பின்னில் கிடைக்காது. ஒன்டிரைவ் இணையதளத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னில் தேடுங்கள். தனிநபர் கணக்குகளில் பொதுவாக 30 நாள் வரை அங்கே இருக்கும். இதையெல்லாம் பார்த்து எரிச்சலாகி, ஒன்டிரைவ் பேக்கப்பை அவசரமாக நிறுத்துவதும் நல்லதல்ல. நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ளேயே நின்றுவிட்டிருக்கும். முதலில் எல்லாவற்றையும் ஒரு வெளி டிரைவில் நகலெடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

அடுத்தது வகை. கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் இன்னமும் மறைத்தே தருகிறது. இத்தனை ஆண்டு வைரஸ் அனுபவத்துக்குப் பிறகும் இதை மாற்றாமல் வைத்திருப்பதற்கு நியாயமே இல்லை. ‘பில்.பிடிஎஃப்.எக்ஸ்இ’ என்று வரும் கோப்பு, திரையில் ‘பில்.பிடிஎஃப்’ என்று மட்டுமே தெரியும். எக்ஸ்இ கோப்பு என்பது திறந்ததும் இயங்கும் புரோகிராம்; அது தனக்கு வேண்டிய ஐகானைத் தானே வைத்துக்கொள்ள முடியும் என்பதால் படமும் பிடிஎஃப் போலவே இருக்கும். வியூ > ஷோ > ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். பெயர் மாற்றும்போது எக்ஸ்டென்ஷன் அழிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம், எஃப்2 அழுத்தினால் பெயர்ப் பகுதி மட்டுமே தேர்வாகும். இதற்குப் பிறகும் ஓர் ஓட்டை உண்டு: ஷார்ட்கட் கோப்புகளின் ‘.எல்என்கே’ அப்போதும் தெரியாது. அதனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை டீடெயில்ஸ் வியூவில் வைத்து, டைப் என்ற நெடுவரிசையைப் பார்த்துத் திறங்கள். பில் என்று வந்த கோப்புக்கு அங்கே ‘அப்ளிகேஷன்’ அல்லது ‘ஷார்ட்கட்’ என்றிருந்தால் திறக்காதீர்கள்.

வலது கிளிக் மெனு சுருங்கிவிட்டது. பழைய மெனு வேண்டுமென்றால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’, அல்லது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு வலது கிளிக். கட், காப்பி, ரீனேம், டெலீட் எல்லாம் சின்ன ஐகான்களாக ஒரே வரிசையில் நெருங்கி நிற்பதால் கை தவறுவது சகஜம். உடனே கன்ட்ரோல் + இசட் அழுத்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும். பென்டிரைவில் அழித்ததற்கு இது உதவாது, ஷிஃப்ட் + டெலீட் கொடுத்ததற்கும் உதவாது. இரண்டுமே ரீசைக்கிள் பின்னுக்குப் போகாதவை.

2022-இல் வந்த டேப் வசதி நிஜமாகவே நல்லது. கன்ட்ரோல் + T புது டேப் திறக்கும். இழுத்துப் போடும்போது மட்டும் கவனம்: ஒரே டிரைவுக்குள் இழுத்தால் கோப்பு இடம் மாறும், வேறு டிரைவுக்கு இழுத்தால் நகலாகும். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் எப்போதும் நகல்தான்.

ஹோம் பக்கம் சமீபத்தில் திறந்த கோப்புகளின் பெயர்களைக் காட்டுகிறது. மீட்டிங்கில் திரையைப் பகிர்பவர்களுக்கு இது சங்கடம். மூன்று புள்ளிகள் > ஆப்ஷன்ஸ் போய், திறக்கும் இடத்தை ‘திஸ் பிசி’ ஆக்குங்கள். கீழே பிரைவசி பகுதியில் உள்ள டிக்குகளை எடுத்துவிட்டு, ‘கிளியர்’ அழுத்தி, அப்ளை கொடுங்கள்.