மண்வெட்டி எடுக்காத பாத்தி

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நான் போட்ட முதல் பாத்தியைக் கறையான் தின்றுவிட்டது. சித்திரை மாதம். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, மேலே சருகும் வைக்கோலும் பரப்பி, அதற்கு மேல் நாலு விரல் உயரம் தொழுவுரம் கொட்டியிருந்தேன். இரண்டு வாரம் கழித்துக் கிளறிப் பார்த்தால் அட்டை இருந்த இடத்தில் வெறும் மண்புற்று. பக்கத்து வீட்டு ஆச்சி மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஏல, கறையானுக்குப் பந்தி விரிச்சிருக்கியே, இலை போட மறந்துட்டியா?" என்றாள்.

முறை தப்பில்லை, காலமும் ஈரமும்தான் தப்பு. மண்ணைக் கிண்டாமல், இருக்கிற தரை மேலேயே அட்டையும் மட்கிய உரமும் அடுக்கிப் பாத்தி போடும் இந்த வழியைப் பற்றி நான் படித்ததெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் சொன்னது. அங்கே விரித்த அட்டை தானாகவே ஈரமாகக் கிடக்கும். நம் ஊர் சித்திரையில் வெயில் படும் வெறும் மண்ணின் மேல்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும்.

சரி, கிண்டாமல் விட்டால் என்ன லாபம்? கிண்டினால் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் நல்லதுதான் நடக்கிறது. "அகல உழுவதை விட ஆழ உழு" என்றவர்கள் விவரம் தெரியாமல் சொல்லவில்லை. கட்டியை உடைத்துப் புரட்டியதும் உள்ளே காற்று போகிறது. அதுவரை கட்டிக்குள் பத்திரமாக இருந்த மட்கு பாக்டீரியாக்களுக்கு எட்டுகிறது. அவை அதைத் தின்று, கார்பனைக் கரியமில வாயுவாக மூச்சு விட்டு, தங்கள் தேவை போக மிஞ்சும் நைட்ரஜனை மண்ணில் விடுகின்றன. அதனால்தான் புதிதாகக் கிண்டிய இடத்தில் முதல் பயிர் பச்சைப்பசேல் என்று வருகிறது. ஆனால் அது மண் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துச் செலவழித்த பச்சை. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த நுண்ணுயிர்களின் வேகம், ஓரளவு வரை, ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆகவே நம் பக்கத்தில் செலவும் வேகம்தான். தொழுவத்தில் நாலு மாடு நின்ற காலத்தில் வருடாவருடம் எரு அடித்து ஈடு கட்டினார்கள். என் வீட்டில் நிற்பது ஒரு ஸ்கூட்டர்.

இன்னொன்று, மண்ணின் பதம். நல்ல மண் புட்டுக்கு விரவிய மாவு மாதிரி இருக்கும். ஈரம் இருக்கும், குழையாது, பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். அந்த உதிரியை உண்டாக்குவது பூஞ்சை இழைகள், பாக்டீரியா சுரக்கும் பசை, மண்புழுவின் கழிவு ஆகிய மூன்றும் சேர்ந்து. உதிரிக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் தண்ணீரும் காற்றும் தங்கும். மண்வெட்டி இதையெல்லாம் அறுத்துப்போடுகிறது. பிறகு ஒரு மழை அடித்தால் துகள்கள் கரைந்து துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே ஓடு கட்டிவிடும். மண்வெட்டியை வைத்துவிட்டால் அந்தப் புரட்டும் வேலையை மண்புழு பார்த்துக்கொள்ளும். இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்று 1881-இல் சார்லஸ் டார்வின் எழுதினார்.

சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்குப் புழுகூட அவ்வளவாகத் தேவையில்லை. அந்தக் களிமண் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழும். அடுத்த மழையில் உப்பிக் கீழ்மண்ணை நெருக்கித் தள்ளும். மண்ணியலில் இந்த வகைக்கு வெர்ட்டிசால் என்று பெயர். 'புரட்டு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண்!

அட்டையின் வேலை களையை அடக்குவது. பல களை விதைகள் மண்ணுக்குள் வருடக்கணக்கில் தூங்கும். அவற்றில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி உண்டு. கிண்டும்போது கண நேரம் வெளிச்சம் பட்டாலே அது 'மேலே வந்துவிட்டோம்' என்று விதையை முளைக்கச் செய்துவிடும். நாம் களை எடுக்கக் கொத்துகிறோம், அந்தக் கொத்தே அடுத்த களையை எழுப்புகிறது. அட்டைக்கு அடியில் விதை எழுவதில்லை; ஏற்கெனவே இருக்கும் செடியும் வெளிச்சம் இல்லாமல் பட்டினி கிடந்து அங்கேயே மட்குகிறது.

வைக்கோலை மண்ணோடு கலக்காமல் மேலேயே போடுவதற்கும் காரணம் உண்டு. வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 பங்கு கார்பன் இருக்கிறது. நுண்ணுயிர்களுக்கு 25 பங்கு போதும். வைக்கோலை மண்ணுக்குள் புதைத்தால் பற்றாத நைட்ரஜனை அவை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், செடி வெளிறிப்போகும். மேலே கிடந்தால் மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில்தான் அந்தப் பறிப்பு நடக்கும், வேருக்குப் பெரிதாகத் தெரியாது.

இரண்டாவது பாத்தியைப் புரட்டாசியில் போட்டேன். அந்த வருடம் கார் நெல் நன்றாக விளைந்ததால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி மழையும் பின்னாலேயே வந்துவிடும். வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, 4 அடி அகலம், 8 அடி நீளம். அகலம் அதற்கு மேல் வேண்டாம். இரு பக்கமும் உட்கார்ந்தபடியே நடு வரை கை எட்ட வேண்டும், பாத்தியை மிதிக்கவே கூடாது. புல்லைத் தரையோடு அறுத்து அப்படியே போட்டு, தரை நனையத் தண்ணீர் விட்டேன். அட்டையில் ஒட்டியிருந்த டேப்பையும் கம்பிப் பின்னையும் பிடுங்கிவிட்டு, சாணித்தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்தேன். பளபளப்பான வண்ண அட்டையைச் சேர்க்கவில்லை. காய்ந்த அட்டை தண்ணீரையும் கீழே விடாது, அதனால் ஊறவைப்பதில் சோம்பல் ஆகாது. அதன் மேல் 4 அங்குலம் மட்கிய தொழுவுரம். இந்த அளவுக்கு ஏறக்குறைய 300 லிட்டர், அதாவது 15 லிட்டர் எண்ணெய் டின்னில் 20 டின் பிடிக்கும். உடம்பு வலித்தது இதற்கு மட்டும்தான். கடைசியாக மேலே மெல்லிதாக வைக்கோல்.

ஓரத்துக்குச் செங்கல் வைக்கவில்லை. தார் வெட்டிய வாழைமரத்தை நாலு துண்டாக்கிப் படுக்கப்போட்டேன். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஓரம் காயாமல் பார்த்துக்கொண்டு, மட்கும்போது பொட்டாசியமும் தரும். கறையான் வராமல் இல்லை, ஒரு மூலையில் வந்தது. ஆனால் ஈரம் மாறாத நடுப்பகுதியில் பூஞ்சை முந்திக்கொண்டது.

முதலில் தண்டங்கீரை விதைத்தேன். கத்தரி, மிளகாய் நாற்றுகள் அட்டை கூழான பிறகு. கார்த்திகையில் குடைக்கம்பியைக் குத்திப் பார்த்தபோது முன்பு இரண்டு அங்குலத்தில் நின்ற கம்பி ஒரு சாண் இறங்கியது. பாத்தி வருடத்தில் பாதியாக அமுங்கும். மேலே இரண்டு அங்குலம் மட்கு போட்டால் போதும்.

எல்லா இடத்துக்கும் இதே அளவு ஒத்துவராது. திசையன்விளைப் பக்கத்துத் தேரிமணலில் ஆடிக்காற்று அடிக்கும் இடத்தில் உயரமான பாத்தி சீக்கிரம் காய்ந்துபோகும். அங்கே தரைமட்டத்திலேயே வைத்து, மேலே மூடும் வைக்கோல் மூடாக்கைக் கனமாகப் போடுவது நல்லது. கிராவல் அடித்து ரோலர் ஓட்டிய புது மனையாக இருந்தால் முதல் தடவை மட்டும் கடப்பாரையால் ஆங்காங்கே குத்தி ஆட்டிவிட வேண்டும். புரட்ட வேண்டாம்.

அப்புறம் கோரை. அதன் கிழங்கில் சேமிப்பு இருக்கிறது, முளையோ ஊசி. பிளாஸ்டிக் தாளையே துளைக்கிற அதற்கு அட்டை எம்மாத்திரம்? வந்ததும் வந்ததும் பிடுங்கினால் ஒவ்வொரு முளைக்கும் கிழங்கு கொஞ்சம் வற்றும். காலையில் காப்பி டம்ளரோடு போய் நாலைந்து பிடுங்குகிறேன். ஆச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து விட்டுப்போனதைக் கை காட்டுகிறாள்.